சக்கைய கழிவுன்னு எழுதாதீங்க: உயிரி தொழில்நுட்பத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உயிரி தொழில்நுட்பத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்ங்க.

நாங்க விழுப்புரம் பக்கம் கரும்பு போடுற குடும்பம். அப்பாவுக்கு பன்னெண்டு வருஷமா சுகர், டீ கூட சக்கரை இல்லாமதான். அதனால பாக்டீரியாவ வச்சு கரும்புக் கழிவுல சைலிட்டால்ங்குற இனிப்ப எடுக்கலாம்னு படிச்சப்போ எனக்கு சந்தோஷம்தான், சக்கரை அளவுக்கே இனிக்குது, கலோரி கிராமுக்கு 4க்கு பதிலா 2.4. (ரத்தத்துல இது அதிகமா இருக்கவங்களுக்கு மாரடைப்பு, ஸ்ட்ரோக் கூடுதலா வருதுன்னு 2024ல கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வு ஒண்ணு வந்துச்சு, அதையும் பாத்துக்கங்க.)

சயின்ஸ்ல எனக்கு சண்டை இல்ல. கரும்பு பிழிஞ்ச சக்கையோட காஞ்ச எடையில கால்வாசி ஹெமிசெல்லுலோஸ்ங்குற நார்ப்பொருள், அத உடைச்சா சைலோஸ்ங்குற ஒரு வகை சக்கரை வரும், ஈ.கோலைங்குற பாக்டீரியா அதத் தின்னு வளரப் பாக்கும், அந்த வழிய அடைச்சுட்டு ஈஸ்ட்டோட ஜீன் ஒண்ண உள்ள வச்சா தின்னாம சைலிட்டாலா மாத்திக் கொடுக்குது. ஆனா பக்கத்துல குளுக்கோஸ் இருந்துட்டா பந்தியில பாயாசத்தப் பாத்த குழந்த மாதிரி சைலோஸ் பக்கமே திரும்பாது, அதுக்கும் ஜீன்ல கை வைக்கணும். கவுஹாத்தி ஐஐடில பாக்டீரியா இல்லாம ஈஸ்ட்டையே வச்சு, அல்ட்ராசவுண்ட் கொடுத்து, 48 மணி நேர வேலைய 15 மணி நேரத்துல முடிச்சிருக்காங்க.

என் சண்டை சக்கைய 'விவசாயக் கழிவு'ன்னு எழுதுற அந்த வார்த்தையோடதான். சக்கை எங்க சார் கழிவு? டன் கரும்புக்கு 250, 300 கிலோ ஈரச் சக்கை வருது, ஆலைக்காரங்க அத பாய்லர்ல போட்டு ஸ்டீமும் கரண்டும் எடுக்குறாங்க, கரூர் பக்கம் காகிதபுரத்துல டிஎன்பிஎல் காகித ஆலை அதுல பேப்பரே பண்ணுது. அத நீங்க இழுத்துக்கிட்டா பாய்லருக்கு நிலக்கரி வரும், அப்புறம் என்ன பசுமை?

நிஜமான கழிவு வயல்ல கிடக்குற சோகை, அதாவது கரும்போட காஞ்ச இலை. வெட்டு முடிஞ்ச கையோட கொளுத்துறோம், தப்புன்னு தெரிஞ்சேதான், அள்ளுற கூலி யாரு கொடுப்பா? அதுலயும் அதே ஹெமிசெல்லுலோஸ் இருக்கு. மண்ணும் தூசியும் ஒட்டியிருக்கும், ஆராய்ச்சிக்கு சக்கை மாதிரி சுளுவா இருக்காது, அதனாலதான் யாரும் தொடமாட்டேங்குறாங்கன்னு நினைக்கிறேன்.

2024 ஆகஸ்ட்ல உயிரி தொழில்நுட்ப உற்பத்திக்கான பயோஇ3 கொள்கைக்கு கேபினட் ஒப்புதல் கொடுத்துச்சுல்ல, அதுல சைலிட்டாலுக்குன்னு பணம் கொடுத்தா பாதியாவது சோகைக்குன்னு எழுதுங்க. மொத்தத்தையும் அள்ளிடக்கூடாது, கொஞ்சம் மூடாக்கா கிடந்தாதான் மண்ணு பொழைக்கும். விலையும் முன்னாடியே பேசிடணும். 2025-26க்கு மத்திய அரசு கரும்புக்கு வச்ச விலை டன்னுக்கு 3550 ரூபா, அத நிர்ணயிக்கும்போது ஆலையில மிஞ்சுற மொலாசஸ் பாகு, சக்கை, பிரஸ்மட் கசடு வருமானத்தையும் கணக்குல எடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, சோகை அந்த லிஸ்ட்ல இல்ல.

எங்க வயலுக்கு வெட்டு தை கடைசில வரும். ஆள அனுப்புறதா இருந்தா அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, ஒரு வாரம் கொளுத்தாம வச்சிருக்கேன், அதுக்கு மேல முடியாது, வெட்டுன கட்டையில தழைக்குற மறுதாம்புக்கு தண்ணி விட்டாகணும்.