பிறந்த நாட்டைப் பார்த்து நகரும் கிரீன் கார்டு வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் குடியேற்ற விவாதம் எங்கு எழுந்தாலும் "முறைப்படி வரிசையில் வர வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். முறைப்படி நிற்பவர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும்.

வேலை வழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த இந்த எண்ணிக்கை இன்றும் மாறவில்லை. மனைவி, பிள்ளைகளும் இதற்குள்தான். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம் என்பது உச்சவரம்பு. உயர்பட்டம் பெற்றவர்களுக்கான இபி-2 பிரிவின் பங்கு சுமார் 40,000 என்பதால் இந்தியாவுக்குச் சுமார் 2,800 வரும். பிற நாட்டினர் எடுக்காமல் விட்டது மிஞ்சினால்தான் கூடுதல். எனவே 2012, 2013-இல் பதிந்தவர்களுக்கே 2025-இல் முறை வந்தது.

குடியுரிமை இங்கே கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. மதுரையில் பிறந்த அண்ணன் காத்துக்கிடக்க, குவைத்தில் பிறந்த தம்பி இந்தியப் பாஸ்போர்ட்டோடு அவரை முந்திவிடலாம். மனைவி யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால் கணவரும் அந்த நாட்டுக் கணக்கில் சேரலாம். வழக்கறிஞரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

வரிசையில் இடம் பிடிக்கும் நாள், நிறுவனம் பெர்ம் மனு (அந்த வேலைக்கு உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று கேட்பது) போடும் நாள். அதற்கு முன் ஊதிய நிர்ணயம், மாநில வேலைவாய்ப்புத் துறையில் 30 நாள் அறிவிப்பு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா ஆறு ஆண்டுதான். அது தீர 365 நாளுக்கு முன்பே பெர்ம் போயிருந்தால் ஆண்டுதோறும் நீட்டிப்பு கேட்கலாம். ஐந்தாம் ஆண்டு வரை இழுத்தடிக்கும் நிறுவனத்தில் இருப்பவர்கள் இந்தக் கெடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிள்ளைகள் கதிதான் கொடுமை. 21 வயது நிறைந்தால், எச்-1பிகாரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசா போய்விடும். கிரீன் கார்டுக்கோ, முறை வரும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதில் ஐ-140 மனு (பெர்முக்குப் பின் நிறுவனம் போடும் குடியேற்ற மனு) பரிசீலனையில் இருந்த நாட்களைக் கழித்துப் பார்க்கிறார்கள். மனு எட்டு மாதம் கிடந்தால் சுமார் 240 நாள் கழியும். கூடுதல் கட்டணம் கட்டி பிரீமியம் என்ற விரைவுப் பரிசீலனையில் 15 வேலை நாளில் முடித்துவிட்டால் மூன்று வாரம்தான் கழியும்! பதின்ம வயதுப் பிள்ளை உள்ளவர்கள் அவசியமில்லாமல் பிரீமியம் கட்ட வேண்டாம். 2025 ஆகஸ்ட் 15 முதல் விசா புல்லட்டின் என்ற மாதாந்திர அரசு அறிவிப்பில் வரும் இறுதி நடவடிக்கைத் தேதியை (கிரீன் கார்டு வழங்கக்கூடிய தேதியை) மட்டுமே இந்தக் கணக்குக்கு எடுக்கிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க அனுமதிக்கும் தேதி முன்பு தந்த சலுகை இப்போது இல்லை. முறை வந்த ஓராண்டுக்குள் பிள்ளைக்குக் கிரீன் கார்டு மனு போடாவிட்டால் கழிவு கிடைத்தும் பயனில்லை.

நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019-இல் பிரதிநிதிகள் சபையில் 365-65 என நிறைவேறியது. 2020-இல் செனட் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகாமல் காலாவதியாகிப் போயின. வரம்பைத் தொடத் தயக்கம் என்றால், பிள்ளையின் வயதையாவது பெர்ம் போட்ட நாளோடு நிறுத்திக் கணக்கிடச் சட்டத்தைத் திருத்தட்டும்.

– வாசகர், சென்னை