தூக்கிச் சாத்தும் கதவு

புதுக்கோட்டை
27.12.2025

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? சம்பிரதாயம் முடிந்தது.

மூன்றரை வருடம் ஒழுங்காக ஒரு போன்கூடப் பேசாதவன் இப்போது பேனாவை எடுத்தால், ஏதோ காரியமாகத்தான் வருகிறான் என்று உனக்குத் தெரியாதா? காரியம்தான். கார் வாங்கப் போகிறேன். சிரிக்காதே. எந்தக் கார் என்று சொன்னால் இன்னும் சிரிப்பாய். எக்கோஸ்போர்ட். உங்கள் ஃபோர்டு கம்பெனி வண்டியேதான்.

நம் மாருதிக் கிழவியை இனி ஓட்ட முடியாது. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று உன் அண்ணி 'முருகா' சொல்கிறாள். முட்டி. டாக்டர் மடக்காதே என்கிறார், வண்டி மடக்கு என்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருவருடைய எக்கோஸ்போர்ட்டில் அவளை ஏற்றி அனுப்பினார்கள். இறங்கி வந்தவள், "நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்தேங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. அவளுக்கு அது ஒரு நாற்காலி. எனக்கு நான்கு வருடமாக இங்கே விற்பனையில் இல்லாத ஒரு வண்டி, மூடிப்போன ஒரு கம்பெனி, அப்புறம் நீ.

ஒரு மாதமாக இதே ஆராய்ச்சி. பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை, நீதான் சாட்சி. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறேன், பொறுத்துக்கொள்.

முதல் குழப்பம், எந்த எஞ்சின். மகன் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள் என்றான். 2013-இல் இருந்து 2017 வரை வந்த ஆட்டோமேட்டிக்கில் இருப்பது அந்த இரட்டை கிளட்ச் கியர் பெட்டி, பவர்ஷிஃப்ட். அதன் பெயரைச் சொன்னதும் மெக்கானிக் பாய் காதைப் பொத்திக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெட்டிப் புகார்களைச் சரியாகக் கையாளவில்லை என்று 2018-இல் நீதிமன்றம் ஒரு கோடி டாலர் அபராதமே போட்டிருக்கிறது. 2017 நவம்பரில் முகம் மாறி வந்த வண்டியின் ஆட்டோமேட்டிக் வேறு, டார்க் கன்வெர்ட்டர், அது தேவலை. ஆனால் அது பெட்ரோலுக்கு மட்டும். அந்த மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலில் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறதாம். தப்பான ஆயிலை ஊற்றிய வண்டி கையில் கிடைத்தால் பெல்ட் உதிர்ந்து ஆயில் பம்ப்பை அடைத்துவிடும் என்று பாய் பயமுறுத்துகிறார். பழைய வண்டிக்கு யார் எந்த ஆயிலை ஊற்றினான் என்று எந்தக் கோயிலில் போய்க் குறி கேட்பது? ஒரு லிட்டர் எக்கோபூஸ்ட்டுக்கும் அதே பெல்ட் கதை, கூடவே கூலன்ட் ஹோஸ் தொல்லை. ஓட்டினால் மட்டும் சொர்க்கம் என்கிறார்கள். எனக்கு எதற்கு சொர்க்கம், அறந்தாங்கி போய்வந்தால் போதும்.

ஆக, 1.5 டீசல், மேனுவல். அதிலும் 2020-க்கு முந்தையது. பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு டீசலில் புகை வடிகட்டி மாட்டிவிட்டார்கள். ஊருக்குள்ளேயே மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவனுக்கு அது அடைத்துக்கொள்ளும். டில்லியில் என்றால் பத்து வருடமான டீசலுக்கு ஏகப்பட்ட கெடுபிடி, வழக்கு, நமக்கு இங்கே அந்தக் கவலை இல்லை.

நான்கு மீட்டருக்குள் அடக்கினால் வரி குறைவு என்பதற்காக 3,999 மில்லிமீட்டரில் வெட்டி நிறுத்தினார்களே, அந்தக் கஞ்சத்தனம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம். உன் கம்பெனியில் யாரோ ஒரு செட்டிநாட்டுக்காரர் கணக்கு போட்டிருக்க வேண்டும்.

முதலில் பார்த்த வண்டி சென்னைப் பதிவு. 2019 மாடல், 38,000 கிலோமீட்டர், கண்ணாடி மாதிரி பெயிண்ட். திருச்சியில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நின்றது. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி." எந்தப் பழைய வண்டியாவது டாக்டர் வண்டியாக இல்லாமல் இருந்திருக்கிறதா? நான் மயங்கிவிட்டேன். பாய் ஒன்றுமே பேசவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தார். வழக்கமாக நாம் இழுக்கிற அளவுக்கு அல்ல, கடைசி வரைக்கும், இனி வராது என்கிற வரைக்கும். அந்தக் கடைசி ஒரு முழம் பெல்ட்டில் காபி டிகாக்‌ஷன் காய்ந்த மாதிரி ஒரு கோடு. விரலால் தேய்த்துக் காட்டினார், மண். "மிக்ஜாம்ல முங்கின வண்டி சார்" என்றார் என் காதில். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் முங்கியதைக் கழுவி, சீட் துணி மாற்றி, சென்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். இருக்கை, தரை விரிப்பு எல்லாம் மாற்றியவன் பெல்ட்டை மட்டும் மறந்துவிட்டான். 550 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று நீங்கள் பெருமையடித்த வண்டியடா அது. தண்ணீர் அந்தக் கணக்கைப் படித்திருக்காது போல.

இரண்டாவது வண்டிக்காகத்தான் இந்தக் கடிதம்.

டி.என். 45, 2018 மார்ச் பதிவு, டைட்டானியம், சாம்பல் நிறம். நேராகப் பார்ட்டியிடமே. உறையூரில் ஒரு ஓய்வுபெற்ற ஆள். காலை ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தோம். மார்கழிக் குளிர், தெருவெல்லாம் கோலம். பாய் வணக்கம் சொல்வதற்கு முன்னால் பானெட்டில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரே சாவியில் பிடித்தது, கொஞ்சம் லொடலொடத்தது, அடங்கியது. வெள்ளைப் புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து பாய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கிளட்ச்சை ஏழெட்டு முறை மிதித்தார், ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். எலெக்ட்ரிக் ஸ்டியரிங் போனால் மொத்தமாக மாற்ற வேண்டும், காசு அதிகமாம். இதில் சத்தம் இல்லை.

என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தைக் கொண்டுபோயிருந்தேன். கதவு, ஃபெண்டர் என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். இடது பின் கதவுக்குக் கீழே மட்டும் பிள்ளையார் வழுக்கினார். பட்டி பூசியிருக்கிறது. "பைக்காரன் இடிச்சான் சார், டிங்கரிங் பண்ணினேன்" என்று அவர் நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். மீட்டரில் 71,400. நான்கு டயரிலும் தேதி 2022-ஆம் வருடம், ஸ்டெப்னி மட்டும் 2018. கணக்கு இடிக்கவில்லை. சர்வீஸ் பில் அறுபதாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் கம்பெனியில், அப்புறம் வெளியே. டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லை. அதைக் காரணம் காட்டித்தான் பாய் விலையை இறக்கினார். பார்ட்டி 5.60 லட்சம் சொன்னார், 5.15-இல் நிற்கிறது. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. தை பிறக்காமல் வண்டி வாசலுக்கு வரக் கூடாது என்று உன் அண்ணி உத்தரவு, அதனால் அவகாசம் இருக்கிறது. கடன் பாக்கி இல்லை, டிராஃபிக் அபராதச் செலான் இரண்டு, அவரே கட்டுகிறார். 29, 30 ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு பேர் மாற்றினால் முடிந்தது.

சாமான் கிடைக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. கடையில் டீ குடிக்கிறவன்கூட "கம்பெனியே போயிடுச்சே சார்" என்கிறான். கம்பெனி கார் விற்பதைத்தான் நிறுத்தியது, சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றன என்று நான் சண்டை போடுகிறேன், ஏதோ எனக்கு அதில் பங்கு இருக்கிற மாதிரி. மறைமலைநகர் ஃபேக்டரியிலிருந்து அமெரிக்காவுக்கே போன வண்டி, 2022 வரை ஏற்றுமதிக்கு ஓட்டினார்கள், எஞ்சின் சாமானுக்குப் பஞ்சம் வராது என்கிறார் பாய். ஹெட்லைட், பம்பர் உடைந்தால்தான் காத்திருக்க வேண்டுமாம். என்னை ராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கிற கேள்வி அது இல்லை.

பின் கதவு, சேகர். ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கிறதே, அது. திறந்தேன். சாத்தும்போது கடைசி ஒரு அங்குலத்தில் இடித்தது. கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால்தான் பூட்டு பிடிக்கிறது. தானாக என் விரல் கதவு இடுக்கில் ஓடியது. மேலே ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறது, கீழே நுழையவில்லை. அப்போதுதான் தெரிந்தது, நான் உன்னை மாதிரி செய்துகொண்டிருக்கிறேன் என்று. என் தங்கை கல்யாணத்தில் சீர் பீரோவின் கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் "ரெண்டு மில்லி அவுட்டு" என்றாயே. அந்த பீரோ கதவு இன்றைக்கும் சாத்துவதில்லை என்பது வேறு கதை.

அங்கேயே நின்றுவிட்டேன். பார்ட்டி ஏதோ கீறலைப் பார்த்துவிட்டேன் என்று பயந்துபோனார். ஆர்.சி.யில் சேசிஸ் எண் எம்.ஏ.ஜே. என்று உங்கள் கம்பெனி எழுத்தில் ஆரம்பிக்கிறது. 2018 மார்ச்சில் நீ எந்த ஷிஃப்டில் இருந்தாய்?

2022-இல் ஃபேக்டரியை மூடும்போது நீங்கள் எல்லாம் கேட்டுக்குள் உட்கார்ந்திருந்ததை டி.வி.யில் பார்த்தேன். கூட்டத்தில் உன்னைத் தேடினேன். போனைக் கையில் எடுத்தேன், உன் பேர் வரைக்கும் போனேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. செட்டில்மென்ட் எவ்வளவு என்று கேட்டால் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், கவலைப்படாதே என்றால் வேலையில் இருக்கிறவன் சொல்கிற மாதிரி இருக்கும். நாளைக்கு என்று வைத்தேன். தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மத்தாப்புப் படம் அனுப்பினேன், நீ கட்டைவிரல் போட்டாய். 1999-இல் ஐகான் கார் வந்த வருடம் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, என் அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்கியவன் நீ. இருபத்துமூன்று வருடம். அதற்கு நான் கொடுத்தது ஒரு மத்தாப்பு. போனில் இதைச் சொன்னால் "சரி விடு" என்பாய், பேச்சை மாற்றுவாய். அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

திரும்ப வருகிறார்கள், மறைமலைநகரில் எஞ்சின் செய்யப் போகிறார்கள், 2029-இல் என்று பேப்பரில் பார்த்தேன். பார்த்ததும் உன் நினைப்புதான். உனக்கு அதில் சந்தோஷமா, எரிச்சலா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நீ இப்போது சிங்கப்பெருமாள் கோவிலில் அலுமினியக் கதவு, ஜன்னல் வேலை எடுத்துச் செய்வதாக மாஸ்டர் சொன்னார். அதுவும் மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது, பார்.

சரி. பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே? மாட்டுப் பொங்கலன்று வேண்டாம், நம் சித்தப்பு உன்னை விடமாட்டார். அதற்கு மறுநாள் உறையூர் போகலாம். கீல் தேய்ந்துவிட்டதா, இல்லை பின்னாலிருந்து யாராவது இடித்துக் கதவையே கழற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாயால் சொல்ல முடியவில்லை. "இது மாட்டினவங்களைக் கேட்டாத்தான் தெரியும் சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார், அவருக்கு நம் கதை தெரியாது. நீ விரலை ஓட்டிப் பார்த்துச் சொல். இடித்த வண்டி என்றால் பத்தாயிரம் போனாலும் போகட்டும், விட்டுவிடுகிறேன். கீல்தான் என்றால் என்ன சாமான் வாங்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடு.

பஸ்ஸில் வந்தால் சொல், மாருதிக் கிழவியிலேயே ஸ்டாண்டுக்கு வருகிறேன். நீ தள்ள வேண்டியிருக்கலாம்.

உன்,
மணி

பி.கு.: உன் அண்ணிக்குப் பின் கதவு விஷயம் தெரியாது. சொல்லிவிடாதே. பிள்ளையார் காந்தம் எங்கே என்று வேறு தேடிக்கொண்டிருக்கிறாள்.