பௌட்லரைஸ் என்பது தணிக்கை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் திரைப்படத் தணிக்கை பற்றி வெளிவந்த கட்டுரையில், 'வாரியம் படத்தை பௌட்லரைஸ் செய்துவிட்டது' என்றொரு வரி இருந்தது. கட்டுரையின் வாதத்தில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால், தகாதவை எனத் தோன்றும் பகுதிகளை ஒரு நூலிலிருந்து நீக்குவதைக் குறிக்கும், ஆங்கிலத்திலேயே அருகி வழங்கும் அந்த வினைச்சொல்லை அரசுத் தணிக்கைக்கு ஆள்வது பொருந்தாது என்பதையும், அதன் பிறப்பில் ஓர் அம்மையாருக்கு உள்ள பங்கு பெரும்பாலும் விடுபட்டுப்போவதையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

தாமஸ் பௌட்லர் (1754–1825) என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. 1818இல் அவர் பெயரில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த 'குடும்ப ஷேக்ஸ்பியர்', மூலத்தில் எதையும் சேர்க்கவில்லை என்றும், குடும்பத்தார் நடுவே வாய்விட்டுப் படிக்கத் தகாத சொற்களை மட்டுமே நீக்கியிருப்பதாகவும் முகப்பிலேயே அறிவித்தது. ரோமியோ ஜூலியட் நாடகத்தில், நண்பகலாகிவிட்டது என்பதை மெர்குஷியோ கடிகார முள்ளை வைத்துப் பச்சையான சிலேடையாகச் செவிலியிடம் சொல்வான்; குடும்பப் பதிப்பிலோ முள் பன்னிரண்டில் நிற்கிறது, அவ்வளவுதான். ஒதெல்லோவை மட்டும் வெட்டி மாளாமல், அதைக் கூடத்திலிருந்து தனியறைக்கு மாற்றிவிடும்படி பௌட்லரே வாசகருக்கு யோசனை சொன்னார். (நாடகத்தின் வலிமைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?)

ஆனால், இந்தப் பணியைத் தொடங்கியவர் அவருடைய தமக்கை ஹென்ரியட்டா. 1807இல் பாத் நகரில் இருபது நாடகங்களோடு வெளிவந்த முதல் பதிப்பு அவர் கைவண்ணமே. அதில் பதிப்பாசிரியர் பெயரே இல்லை. எந்த வரி ஆபாசம் என்று தெரிந்தால்தானே அதை நீக்க முடியும். அப்படித் தெரிந்திருப்பதை மணமாகாத பெண்ணொருவர் அன்று வெளியே ஒப்புக்கொள்ள முடியாது என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. பெயரில்லாமல் அவர் வெளியிட்ட சமயச் சொற்பொழிவு நூலைப் படித்த லண்டன் பிஷப், எழுதியவர் ஒரு பாதிரியார் என்றே நம்பி, அவருக்கு ஒரு திருச்சபைப் பதவியை அளிக்க முன்வந்தாராம். புகழோ பழியோ, இரண்டும் தம்பியின் கணக்கிலேயே சேர்ந்தன. தாமஸ் மறைந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, 1836இல், பெரோனெட் தாம்சன் என்பவர் எழுத்தில் இந்த வினைச்சொல் முதன்முதலாகக் காணப்படுகிறது.

இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வருவது பெரும்பாலும் ஒரு நூல் அல்லது எழுத்து. செய்பவர், சட்டத்தின் கட்டளை ஏதுமின்றி, வாசகரின் நன்மைக்கென்று தாமே கத்தரியை எடுப்பவர். அந்த நல்லெண்ணத்தின் மீதான ஏளனம் சொல்லிலேயே ஊறியிருப்பதால், பாராட்டாக இதை யாரும் ஆள்வதில்லை. ரோல்ட் டாலின் சிறுவர் கதைகளில் பதிப்பகமே சொற்களை மாற்றிய செய்தி 2023இல் வெளியானபோது ஆங்கில ஏடுகள் இச்சொல்லை ஆண்டது ஓரளவு பொருத்தம். புதிய வாக்கியங்களும் அங்கே நுழைந்ததால், முழுப் பொருத்தம் என்று சொல்ல மாட்டேன். சட்டப்படி அமைந்து, சான்றிதழ் தர மறுக்கும் அதிகாரமும் கொண்ட ஒரு வாரியத்தின் செயல் வேறு வகையானது. அதற்கு 'வெட்டியது' என்ற நம் சொல்லே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.