கேம்டன் பற்றிய அந்த எண் எந்த வருடத்தியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஆபத்தான நகரங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, திருச்சியில் இருக்கும் என் சித்தி மகன் பதறிப்போய் போன் செய்தான். அவன் மகளுக்கு நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "லட்சம் பேருக்கு 87 கொலையாமே அக்கா, அங்க எப்படிப் பிள்ளைய அனுப்புறது?" என்றான். நான் குடியிருப்பது பக்கத்து ஊரான செர்ரி ஹில்லில். கேம்டனில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் 2009 முதல் வேலை செய்கிறேன். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

87 என்பது உண்மையான எண்தான். ஆனால் அது 2012-ம் வருடத்து எண். கட்டுரையில் வருடம் போடவில்லை. சுமார் 77,000 பேர் வாழ்ந்த ஊரில் அந்த ஒரே வருடத்தில் 67 பேர் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அப்போது லட்சத்துக்கு 5 கொலைகூட இல்லை. அந்த வருடக் கடைசியில் நகர்மன்றக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் திடலில், செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைச் சிலுவை நட்டு வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை ரயிலை விட்டு இறங்கி அந்தப் பக்கமாக நடந்தபோது எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டியதும் முடியவில்லை, விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையின் சனிக்கிழமை இரவுகள் எனக்கு மறக்காது. குண்டடி பட்டவரைக் கொண்டுவந்தால் ரத்த வகை பார்க்கக்கூட நேரமிருக்காது. யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் ரத்தப் பைகளைக் கூலர் பெட்டியில் அடுக்கிக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு பெட்டி போய்த் திரும்புவதற்குள் அடுத்த பெட்டிக்கு போன் வரும். விடிந்ததும் காலிப் பெட்டிகளைத் துடைத்து வைக்கும்போது, அந்தப் பையன் பிழைத்தானா என்று கேட்கவே பயமாக இருக்கும். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்.

இந்த நிலைமை திடீரென்று வந்ததில்லை. 1950-ல் இங்கே ஒன்றேகால் லட்சம் பேர் இருந்தார்கள். கப்பல் கட்டும் தளம், ஆர்சிஏ விக்டர் ரேடியோ ஆலை, கேம்ப்பெல் சூப் ஆலை என்று வேலைக்குக் குறைவே இல்லை. அதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. வெவ்வேறு காலத்தில் மேயராக இருந்த மூன்று பேர் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றார்கள். தெருமுனைகளில் போதைமருந்து வெளிப்படையாக விற்றது. வாங்க வந்தவர்களில் நிறையப் பேர் எங்களைப் போன்ற வசதியான புறநகர்களிலிருந்து நெடுஞ்சாலையில் காரில் வந்து போனவர்கள். குற்றக் கணக்கு கேம்டன் பேரில் எழுதப்பட்டது, வாங்கியவர்கள் ஊரின் பேரில் அல்ல. இதை ஒருவரும் எழுதுவதில்லை என்பது என் ஆதங்கம். போதாததற்கு, 2011 ஜனவரியில் பணமில்லை என்று போலீஸ்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வருடம்தான் அந்த 67.

2013 மே மாதம் நகரப் போலீசைக் கலைத்துவிட்டுக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) நிர்வாகத்தின் கீழ் புதுப் படை அமைத்தார்கள். போலீசே இல்லாமல் ஊர் திருந்தியது என்று சிலர் சொல்வது தவறு. கலைத்த பிறகு போலீஸ்காரர்களின் எண்ணிக்கை கூடியது, குறையவில்லை. படையின் தலைவர் ஸ்காட் தாம்சன் அவர்களைக் காரை விட்டு இறக்கித் தெருவில் நடக்க வைத்தார். சரி, எல்லாம் நல்லதாகவே நடந்ததா என்றால் அதுவும் இல்லை. பழைய தொழிற்சங்க ஒப்பந்தம் போனது, சம்பளம் குறைந்தது. சைக்கிளில் மணி இல்லை என்பதற்கெல்லாம் ஏழைகளுக்கு அபராதச் சீட்டு கொடுத்தார்கள், குடிமக்களின் உரிமைகளுக்காகப் போராடும் அமைப்புகள் கண்டித்தன. பலத்தைப் பயன்படுத்துவதற்கான கடுமையான விதிகள் 2019-ல்தான் வந்தன.

எங்கள் ரத்த வங்கியிலிருந்து பார்த்த பெரிய மாற்றம் வேறு. குண்டடி பட்டவருக்காக ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல், போலீஸ்காரர்களே தங்கள் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் முன்னால் வந்தால் ஒருவர் பிழைக்கிறார், கொலைக் கணக்கிலும் ஒன்று குறைகிறது. அதே துப்பாக்கிச் சூடுதான், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் ஏறியது என்பதைப் பொறுத்து வேறு கணக்கில் எழுதப்படுகிறது. அதனால்தான் கொலை எண்ணை மட்டும் வைத்து ஊரை மதிப்பிடாதீர்கள், எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்பதையும் கேளுங்கள் என்கிறேன்.

2017-ல் கொலைகள் 23 ஆகக் குறைந்தன. அப்புறம் 20-க்கும் கீழே வந்த வருடங்களும் உண்டு. 23 என்றாலும் லட்சத்துக்கு 31 வருகிறது, நாட்டின் சராசரியைப் போல ஆறு மடங்கு. ஊர் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 67-க்கும் 23-க்கும் நடுவே 44 உயிர்கள் இருக்கின்றன.

சின்ன ஊர்க் கணக்கில் இன்னொரு சிக்கல். கேம்டனில் ஒரே ஒரு கொலை கூடினால் விகிதம் ஒன்றுக்கு மேல் ஏறிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிலடெல்பியாவில் அதே ஒரு கொலை விகிதத்தில் தெரியவே தெரியாது. அதோடு, என்னைப் போலப் பகலில் வந்து வேலை செய்துவிட்டுப் போகிறவர்கள், மாணவர்கள், நோயாளிகள் எல்லாம் மக்கள்தொகையில் சேர மாட்டோம். எங்கள் மீது நடக்கும் குற்றம் மட்டும் சேரும். இப்படி நகரங்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று இந்தப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் எஃப்பிஐயே எச்சரிக்கிறது. 2021-ல் அவர்கள் கணக்கெடுக்கும் முறையை மாற்றியபோது பல ஊர்களின் போலீஸ் தகவலே அனுப்பவில்லை. அந்த வருடப் பட்டியலை எடுத்துப் போடுவதென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இனி இப்படிப் பட்டியல் போட்டால், எந்த வருடம், எத்தனை பேர், ஊரின் மக்கள்தொகை என்ன என்ற மூன்றையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கேம்டனைப் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

என் தம்பி மகள் ஆகஸ்டில் வருகிறாள். வளாகத்திலிருந்து ரயில் நிலையம் வரை முதல் நாள் நானே அவளோடு நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இருட்டிய பிறகு எந்தத் தெரு வேண்டாம் என்பதையும் காட்டிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
செர்ரி ஹில், நியூ ஜெர்சி