தவணை முடிவில் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். இந்தத் தவணை நல்லபடியாகவே முடிகிறது. குறுக்கோட்டப் போட்டியில் பிள்ளைகள் நன்றாக ஓடினார்கள். செந்தமிழ் விழாவில் கதை சொல்லும் போட்டிக்கும் கவிதை ஒப்புவித்தலுக்கும் பரிசு கிடைத்தது. சிற்றுண்டிச்சாலைக் கூரை ஒழுகுவதும் ஒருவழியாக நின்றது. படங்களெல்லாம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஏற்கெனவே வந்துவிட்டன. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பழைய பால்மரக் காட்டை, அதாவது ரப்பர் மரங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இங்கே புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது வெறும் புதராகத் தெரியலாம். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த லயத்துப் பிள்ளை. எனக்கு அப்படித் தெரியாது. நமக்குப் பக்கத்துத் தென்னமாராம் தோட்டத்தில்தான் 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நடவு தொடங்கியது. (பெயரோ தென்னமரம், நட்டதோ செம்பனை!) அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவட்டாரமே செம்பனையாகிவிட்டது. கித்தா என்னும் அந்தப் பால்மரத்தில் 25, 30 ஆண்டு பால் எடுத்துவிட்டு வெட்டித் தள்ளுவதுதான் தோட்ட வழக்கம். அதையும் தாண்டி நிற்கும் மரங்கள் நம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன.

அந்த மரங்களையும், கூரை சரிந்த ஒரு லயத்தையும், தொழிலாளர்கள் விடியற்காலையில் கூடிப் பேர் கொடுத்த பெரட்டுக்களத்தையும் நம் வட்டார அறக்கட்டளை ஒன்று தோட்ட நிர்வாகத்திடம் குத்தகைக்கு எடுத்துப் பராமரிக்கிறது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் பெரிய கட்டடங்களுக்குக் கைகொடுக்கும். லயத்து அடுப்படியை அந்தப் பட்டியலில் ஏற்றச் சொல்லி யார் மனுப்போடப் போகிறார்கள்? அதனால் நன்கொடையிலும், சனிக்கிழமை தோறும் வந்து புல்வெட்டுகிறவர்களின் உழைப்பிலும்தான் அந்த இடம் நிற்கிறது. நம்மை நம்பிப் பின்வாசல் சாவியையும் கொடுத்திருந்தார்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் அந்த மரத்தடியில்தான் நடந்தது. ஒரு மாணவியின் பாட்டி தலைவிளக்கோடு வந்து, எந்த நேரத்தில் மரத்தில் கை வைத்தால் பால் நன்றாக இறங்கும் என்று சொல்லிக் கொடுத்தார். அன்று வகுப்பில் சத்தமே இல்லை. எங்களுக்கு அது அபூர்வம்.

இரண்டு வாரத்துக்கு முன் அறக்கட்டளையினர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நான்கு மரங்களில் பெயர்கள் செதுக்கியிருந்தன. ஒன்றில் இதயமும் அம்பும். பால் பட்டைக்குள் இருக்கிறது; அதற்கும் உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தில் உளி பட்டால் பட்டை மறுபடி சமமாக வளராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பால் வெட்டியவர்கள் அந்த மயிரிழையைக் காயப்படுத்தாமல் வெட்டக் கற்றுக்கொண்டவர்கள். நம் பிள்ளைகள் வீட்டுக் கத்தியால் கட்டை வரை போயிருக்கிறார்கள். லயத்துக் கதவுப் பலகை கிரிக்கெட் குச்சியாகிவிட்டது. கவிழ்த்து வைத்திருந்த மங்குகளை (பால் பிடிக்கும் கிண்ணங்களை) நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி விளையாடியிருக்கிறார்கள். ஏழெட்டு மங்குகளில் கொசுப்புழு நெளிந்தது. டெங்கி எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அறக்கட்டளையினர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சாவியை மட்டும் திருப்பிக் கேட்டார்கள். அதுதான் உறைத்தது.

பிள்ளைகளை விசாரித்தோம். யாரும் பாட நேரத்தில் போகவில்லை. பள்ளி முடிந்து, வீட்டிலிருந்து ஆள் வரும்வரை பொழுது போகாமல் வேலி ஓட்டை வழியாகப் போயிருக்கிறார்கள். பள்ளி 1.15-க்கு முடிகிறது. போன செவ்வாய்க்கிழமை 2.15-க்கு நான் எண்ணிப் பார்த்தபோது வாசலில் இருபத்து மூன்று பேர் நின்றார்கள். பாதுகாவலர் ஒருவர்தான். முன்வாசலில் காடி நெரிசலைப் பார்ப்பாரா, பின்வேலியைப் பார்ப்பாரா?

ராவாங்கிலும் கோல சிலாங்கூரிலும் ஷிப்ட் வேலை செய்துவிட்டு ஓடி வருகிறவர்கள் இருக்கிறீர்கள். பெரிய தம்பி இடைநிலைப்பள்ளியிலும் சின்னவள் இங்கேயுமாக ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு நடை போகிறவர்களும் இருக்கிறீர்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் ஆசிரியர்கள் உதவாமல் இருந்ததில்லை.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணி நேரம் பிள்ளையை வாசலில் விட்டுவைப்பது சரியில்லை. வீட்டில் சும்மா இருந்தும், தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தும் தாமதமாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஊர் சின்னது, கண்ணில் படாமல் போகாது. புதிய தவணையிலிருந்து 1.45-க்கு மேல் நிற்கும் பிள்ளைகள் நூலகத்தில் அமர்த்தப்படுவார்கள். அழைக்க வருகிறவர் உள்ளே வந்து கையெழுத்திட வேண்டும். மூன்று முறைக்கு மேல் போனால் கட்டொழுங்கு ஆசிரியரும் நானும் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவோம். மரத்தில் பெயர் வெட்டியவர்களின் பெயரை நான் வெளியே சொல்லப்போவதில்லை. மரமே சொல்கிறது.

இதற்குள் மூன்று பெற்றோர்கள் தாமாகவே வந்து, தங்கள் பிள்ளைகளோடு போய் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் தச்சர், கதவுப் பலகையைத் தாமே பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேலியை அடைத்துவிட்டது. உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தினமும் நேரத்துக்கு வந்து நிற்கும் பெரும்பாலான பெற்றோர்களுக்கும்தான். உங்களை யாரும் பாராட்டியதே இல்லை.

பள்ளி திறக்கும் வாரத்துச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு, அறக்கட்டளையின் அனுமதியோடு அங்கே கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் வேலை. கையுறை, தொப்பி, கொசு மருந்து கொண்டுவாருங்கள். கத்தி வேண்டாம். நாசி லெமாக்கும் தேநீரும் சங்கத்தின் செலவு. தாத்தா பாட்டி இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்