மனநலப் பிரிவில் ஓர் எடை மெஷின் வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு பைபோலார். மனம் அளவு மீறிக் கிளர்ந்து எழுவதும், பிறகு சோர்ந்து விழுவதுமாக மாறி மாறி வரும் மனநோய் அது. முதல் தடவை வந்தபோது அவனுக்கு வயது 24. இரண்டு வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. ஓலன்சாபினும் வால்ப்ரோயேட்டும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் பழைய தம்பி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தான். அந்த மாத்திரைகளுக்கு எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஆனால் 62 கிலோ இருந்தவன் ஒன்றரை வருடத்தில் 87 கிலோ ஆனான். சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம் ஆகாது, மறுபடியும் பசிக்கிறது என்பான். நடு ராத்திரியில் எழுந்து பானையில் மிச்சமிருக்கும் சோற்றை நின்றபடியே சாப்பிடுவான். வாயைக் கட்டத் தெரியவில்லை என்று அம்மா திட்டினார், நானும் திட்டினேன். அந்தப் பசி மாத்திரையால் வருவது, அவனுடைய பேராசை அல்ல என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவன் வயிற்றைத் தட்டி ஏதோ கேட்டார்கள். மறுநாளிலிருந்து மாத்திரையை வாயில் அடக்கி வைத்துக் கொல்லைப்புறம் போய்த் துப்ப ஆரம்பித்தான். இரண்டு மாதத்தில் மறுபடியும் அட்மிஷன்.

அந்த ஒன்றரை வருடமும் மாதம் தவறாமல் ஒரு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். தூக்கம் எப்படி, பேச்சு எப்படி என்று கேட்டார்கள். ஒரு தடவைகூட எடை பார்க்கவில்லை. அந்தப் பிரிவில் எடை மெஷினே கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. இப்படிப்பட்ட மருந்தைத் தொடங்கினால் 4, 8, 12 வாரங்களில் எடை பார்க்க வேண்டும், 12 வாரத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து 2004ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டன. முதல் மாதத்திலேயே எடை ஏறத் தொடங்கியதை யாராவது பார்த்திருந்தால், மருந்தை மாற்றுவதா, எடை ஏறுவதைக் குறைக்க உதவும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சேர்ப்பதா என்று அப்போதே பேசியிருக்கலாம். 25 கிலோ ஏறிய பிறகு பேசுவது வேறு. பைபோலார் உள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே இறந்துபோகிறார்கள், அதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அட்மிஷனுக்குப் பிறகு, மனநிலையைச் சமனாக வைக்கும் லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது. எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்று தம்பி யாரிடமும் கேட்காமல் உப்பை நிறுத்தினான், ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டான். நடந்து நடந்து முழங்கால் வலித்ததும் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டான். பத்தே நாளில் கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம். ரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வலி மாத்திரையும் அதையேதான் செய்யும். உப்பில்லா விரதம் இருக்கும் வீடுகளும், சித்திரை வெயிலும், சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கிடைக்கும் கடைகளும் உள்ள ஊர் நம்முடையது. ‘உடம்பைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து. எப்படிக் குறைக்க வேண்டும் என்றும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

எங்களுக்கு அதைச் சொன்னவர் ஒரு செவிலியர். அவர் சொன்னதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு, மாத்திரை ஒன்பதுக்கு, பத்துக்குள் படுக்கை. பசி ஏறும் நேரத்தில் ஆள் தூக்கத்தில் இருப்பான். லித்தியம் தரும் தாகத்துக்கு அவன் பாட்டில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான், அதற்குப் பதில் தண்ணீரும் வழக்கம்போல் உப்புப் போட்ட மோரும். அப்புறம் நடை. விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பக் கூடாது, மாத்திரை மயக்கம் தெளிந்தபின் எட்டு மணிக்கு, நானும் கூடப் போக வேண்டும். மனம் சோர்ந்து கிடக்கும் வாரங்களில் டீக்கடை வரை போய்வந்தாலே அன்றைய கணக்கு முடிந்தது. திடீரென்று பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு ராத்திரியும் தூங்காமல் இருந்தால் சந்தோஷப்படக் கூடாது, அது கிளர்ச்சி திரும்பி வருவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி பற்றி நான் படித்த எந்த அறிவுரையிலும் இந்தக் கடைசி வரி இல்லை. பைபோலார் வீட்டுக்கு அதுதான் முதல் வரி.

14 மாதத்தில் 87இலிருந்து 79க்கு வந்திருக்கிறான். மாத்திரையை ஒரு நாளும் துப்பவில்லை.

பைபோலார் உட்படத் தீவிர மனநோய் உள்ள 291 பேரை வைத்து அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. அவர்கள் வழக்கமாக வந்துபோகும் மறுவாழ்வு மையத்திலேயே குழுவாக உடற்பயிற்சி, உணவு பற்றிய பேச்சு, எடை பார்ப்பது எல்லாம் நடந்தது. 18 மாதத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். மூன்று கிலோதானே என்று நினைக்காதீர்கள். இந்த மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டே குறைந்த மூன்று கிலோ அது.

நான் கேட்பதும் அந்த மாதிரிதான். ஒவ்வொரு மனநலப் புறநோயாளர் பிரிவிலும் ஓர் எடை மெஷின், இடுப்பளவுக்கு ஒரு டேப். நோயாளி கையில் இருக்கும் நோட்டில் எடைக்கு ஒரு கட்டம். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவோடு தைராய்டும் சிறுநீரகமும் தவறாமல் பார்க்க வேண்டும், தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. மனநல மருந்து சாப்பிடும் எல்லாரையும், வயது எதுவானாலும், அந்தப் பட்டியலில் சேருங்கள். மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தீர்கள், நல்ல காரியம். எங்களுக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். ஓ.பி. நாளில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில், ஒரு சமூகப் பணியாளர் முன்னால் நடக்க, மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருபது நிமிடம் போதும்.

அடுத்த மாதம் தம்பிக்கு ரிவ்யூ. எங்கள் வீட்டு எடை மெஷினைப் பையில் போட்டு எடுத்து வருகிறேன். வரிசையில் இருக்கும் மற்றவர்களும் ஏறிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓர் அக்கா