எத்தனை பேட்டரி வேண்டும் என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

சோலார் மின்சாரத்தில் ஓடப் போகும் உன் குடிலுக்கு எத்தனை பேட்டரி போதும்ப்பா என்று கேட்டிருந்தாய். அங்கே இருக்கப் போவது நீதான், அதனால் கணக்கை நீயே போட வேண்டும் என்பது என் ஆசை, வழியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒவ்வொரு பொருளின் வாட்டையும் அது ஒரு நாளில் ஓடும் மணி நேரத்தையும் பெருக்கி எழுது, வருவது வாட்-மணி, 1000 வாட்-மணி ஒரு யூனிட். விளக்குகள் 200, லேப்டாப் 240, ஃபேன் 240, 500 வாட் பம்ப் கால் மணி நேரம் ஓடினால் 125. ஃபிரிட்ஜுக்கு மட்டும் மேலே ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதே, கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும், பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்று வைத்து ஒரு முழு நாள் அளந்து பார். 700 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை யூனிட். இதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தின்னும்மா! 15 வாட் என்றால்கூட 24 மணி நேரத்துக்கு 360 ஆகிறது, உன் விளக்குகள் எல்லாம் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். மின்சாரத்தை மாற்றும்போது போகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் நாளுக்கு 2 யூனிட் ஆகிவிடும்.

அப்புறம், வெயிலே இல்லாமல் எத்தனை நாள் தாங்க வேண்டும்? இரண்டு நாள் என்றால் 4 யூனிட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற பேட்டரி வகையில் 80 சதவீதம்வரை எடுக்கலாம், ஆக 5 யூனிட் பேட்டரி, அதாவது 24 வோல்ட்டில் சுமார் 200 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு). லீட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, 330 ஏ.எச்.சைத் தாண்டும், கனமும் அதிகம், வாயு வெளியேற காற்றோட்டமும் வேண்டும். என்னைக் கேட்டால் லித்தியமே வாங்கு. ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர் போனால் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது, அதைத் தானாகத் தடுக்கும் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுச் சுற்று, உள்ளதா என்று கேட்டு வாங்கு.

எனக்கு உண்மையில் கவலை சோலார் பேனல் பற்றித்தான். நல்ல வெயில் நாலு மணி நேரம் கிடைத்து, கால் பங்கு வீணானால், 600 வாட் பேனல் 1.8 யூனிட்தான் தரும், நீ செலவழிப்பதோ 2, பிறகு எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் அது நிறையவே நிறையாது. 1000 வாட் போட்டால் 3 யூனிட் வரும், மிச்சம் 1, காலியான பேட்டரி நிரம்ப நாலு நாள் ஆகும். அதனால் காசு இருந்தால் இரண்டாவது பேட்டரிக்கு முன்னால் பேனலைக் கூட்டு.

பம்ப் கிளம்பும் நொடியில் அதன் வாட்டைவிடப் பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடு, இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே கண்ணு.

ஃபிரிட்ஜுக்கு மீட்டர் காட்டும் அளவு வந்ததும் எனக்கு அனுப்பு, அதுவரை எதையும் ஆர்டர் செய்துவிடாதே.

அன்புடன்,
அப்பா